கெட்ட கனவுகளோடு வாழ்ந்த கதைசொல்லி

ஒரே பயங்கரக் கனவு திரும்பத் திரும்ப வந்து, படுக்கப் போகவே பயப்படுறவங்க நம்மில் சிலர் இருக்கோம். வெளியே சொல்லவும் கூச்சம். அவங்களுக்காக இன்னைக்கு ஒருத்தரோட வாழ்க்கையைச் சொல்றேன். 'புதையல் தீவு' நாவலை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன்.

1850-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தாத்தாவும் அப்பாவும் கலங்கரை விளக்கம் கட்டிய எஞ்சினியர்கள். இவருக்கோ சின்ன வயசிலிருந்தே நெஞ்சு பலவீனம், இருமல், காய்ச்சல். வளர்த்த தாதி அலிசன் கன்னிங்ஹாம் ரொம்பப் பாசமானவர். ஆனா பாவம், நரகம் என்று நிறையச் சொல்லிக் கொடுத்தார். அதெல்லாம் ராத்திரி கனவாக வந்தது. நரகத்தின் வாசலில் நிற்பது போலக் கண்டு, குழந்தை அலறிக்கொண்டு எழும்.

அப்போது அப்பா வந்து கட்டிலில் உட்காருவார். வண்டிக்காரரோடும் சத்திரக்காரரோடும் பேசுவது போல, பையன் அடங்கும்வரை கற்பனையாகப் பேசிக்கொண்டே இருப்பார். தூக்கம் வராத இரவுகளில் தாதி அவரை ஜன்னலுக்குத் தூக்கிப்போய், தூரத்தில் எரியும் ஒன்றிரண்டு விளக்குகளைக் காட்டுவார். அங்கேயும் ஒரு நோயாளிப் பிள்ளை விடியலுக்காகக் காத்திருக்கலாம். நாம மட்டும் தனியா இல்லை என்பதே ஒரு மருந்துதானே?

1867-ல் குடும்ப வழக்கப்படி எஞ்சினியரிங் படிக்கச் சேர்ந்தார். கல்லூரிக் காலத்தில் கனவு இன்னும் மோசமானது. இரவுதோறும் தொடர்கதை மாதிரி வரும். கனவின் பகலில் அறுவை சிகிச்சைக் கூடத்தில் கோரமான காட்சிகளைப் பார்ப்பார். கனவின் இரவில் நனைந்த உடையோடு முடிவே இல்லாத மாடிப்படி ஏறுவார். எதிரே களைத்துப்போன மனிதர்கள் உரசிக்கொண்டு இறங்குவார்கள். புத்தி பேதலித்துவிடுமோ என்று பயந்து டாக்டரிடம் போனார். சாதாரண மருந்துதான் கொடுத்தார். அந்தத் தொடர் கனவு நின்றது.

கனவுகள் அதோடு முடியவில்லை. ஆனா அவற்றைக் கதையாக்கக் கற்றுக்கொண்டார். 1885-ல் இங்கிலாந்தின் போர்ன்மவுத்தில், தூக்கத்தில் அலறியவரை மனைவி ஃபேனி எழுப்பினார். நல்ல கதையைப் பாதியில் கெடுத்துவிட்டாய் என்று கோபித்துக்கொண்டாராம். அந்தக் கனவிலிருந்துதான் 'டாக்டர் ஜெகிலும் மிஸ்டர் ஹைடும்' பிறந்தது. 1886 ஜனவரியில் வெளிவந்தது.

1888-ல் கனவுகள் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். முதலில் யாரோ ஒருத்தர் கதை போலச் சொல்லிவிட்டு, பிறகுதான் அது தானே என்று சொல்வார். அதைப் படிச்சப்போ எனக்கு மனசு லேசாச்சு. எனக்கும் ரொம்ப நாளா ஒரு கனவு: லிஃப்ட் கீழே போய்க்கிட்டே இருக்கும், கதவு திறக்காது. அவ்வளவு பெரிய எழுத்தாளருக்கே கூச்சம் இருந்ததுன்னா, நாம ஏன் நம்மையே குறைச்சு நினைக்கணும்?

கனவைக் கதையாக மாற்றுவது போன்ற ஒரு முறையை இப்போ டாக்டர்களே சிபாரிசு பண்றாங்க. கனவைப் பகலில் எழுதுங்க. முடிவை உங்க இஷ்டத்துக்கு மாத்துங்க. அந்தப் புதுக் கதையைத் தினமும் பத்து இருபது நிமிஷம் மனசுக்குள் ஓட்டிப் பாருங்க. என் லிஃப்ட் இப்போ எங்க ஊர் வயல் வரப்பில் போய்த் திறக்குது. கனவு வருவதும் குறைஞ்சிருக்கு. ரொம்பப் பயங்கரமான கனவு என்றால், முதலில் சின்ன கனவில் பழகுங்க.

படுக்கும் முன் பேய்ப்படம், சண்டை வீடியோ வேண்டாம். கவசம் சொல்லிப் படுக்கும் பழக்கம் இருந்தா விடாதீங்க. வாரம் தவறாம கனவு வந்தாலோ, விபத்து மாதிரி ஒரு அதிர்ச்சிக்குப் பிறகு ஆரம்பிச்சாலோ டாக்டரைப் பாருங்க. சில மாத்திரைகளாலும் இப்படி வரலாம். நீங்களா நிறுத்தாம அவரிடம் கேளுங்க.

ஸ்டீவன்சன் 1894-ல் சமோவா தீவில், 44 வயதில் மறைந்தார். அந்த மக்கள் அவருக்கு வைத்த பெயர் டுசிடாலா, அதாவது கதைசொல்லி. உங்க கனவையும் இன்னைக்கே நம்பிக்கையான ஒருத்தரிடம் சொல்லிடுங்க.