அடிமைப் படகைக் கண்ட முன்ஷி அப்துல்லாஹ்

1796இல் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாஹ், அரபு, தமிழ் வழித்தோன்றல். கணக்கெழுத உதவும் என்று வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படித்த ஊர் அது, அவரும் படித்தார். பின்னர் ராஃபிள்ஸிடம் எழுத்தராகப் பணிபுரிந்தார்.

சிங்கப்பூருக்கு வந்த பூகிஸ் படகொன்றில் மனிதர்கள் விற்பனைக்கு இருந்தார்கள். ஆண்களை, குரங்குகளைக் கட்டுவதுபோல், இடுப்பில் கயிறு போட்டுப் படகோரம் கட்டியிருந்தார்கள். வாங்க வந்தவர்கள் பெண்களைத் தொட்டுப் பார்த்தார்கள். மனம் பதறிய அப்துல்லாஹ், ராஃபிள்ஸிடமே போய்ச் சொன்னார். 1823இல் அங்கு அடிமை வியாபாரம் தடைசெய்யப்பட்டது. தீபகற்பத்தில் கடனடிமை முறை நீடித்தது. பேராக்கில் அது ஒழிய 1880கள் ஆயின.

விற்ற பூகிஸ்காரர்களும் முஸ்லிம்களே. அப்துல்லாஹ் அதை மூடி மறைக்கவில்லை; 1849இல் அச்சான தம் ‘ஹிகாயத் அப்துல்லாஹ்’வில் கண்டபடியே எழுதிவைத்தார். 1854இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர், ஊர் திரும்பவில்லை.