க்ரூஸ் கன்ட்ரோலை கண்டுபிடித்தவர் பார்வையற்றவரா? யார் இந்த ரால்ஃப் டீட்டர்?

ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தாலும் கார் ஒரே வேகத்தில் போகும். அதுதான் க்ரூஸ் கன்ட்ரோல். புதுச்சேரியில் இருந்து காரைக்கால், நாகை வரை கார் ஓட்டுபவர்களில் பலர் இப்போது இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இதை உருவாக்கியவருக்கு கண் பார்வை கிடையாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

5 வயதில் போன பார்வை

ரால்ஃப் டீட்டர், 1890-ல் அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்தில் உள்ள ஹேகர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தார். 5 வயதில் கத்தியால் கண்ணில் அடிபட்டது. பாதிப்பு மற்றொரு கண்ணுக்கும் பரவி, இரண்டு கண்ணிலும் பார்வை போச்சு. பெற்றோர் அவரை மற்ற பிள்ளைகளைப் போலவே வளர்த்தார்கள். குடும்பத்தின் பட்டறையில் கையால் தொட்டுத் தொட்டே இயந்திரங்களைக் கற்றுக்கொண்டார். சிறுவனாக இருக்கும்போதே உறவுக்காரப் பையனோடு சேர்ந்து ஒரு காரையே செய்துவிட்டார்.

1912-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தார். முதல் உலகப் போர் சமயத்தில், போர்க் கப்பல்களின் டர்பைன் சுழலும்போது ஆட்டம் வராமல் சமன் செய்யும் முறையை உருவாக்கினார். அந்த நுட்பமான வேலைக்கு அவருடைய விரல்களின் உணர்வே பெரிய பலம். பிறகு, பிஸ்டன் ரிங் தயாரித்த 'பெர்ஃபெக்ட் சர்க்கிள்' நிறுவனத்தின் தலைவரானார்.

எப்படி வந்தது இந்த யோசனை?

டீட்டர் தன் வக்கீலோடு காரில் போவது வழக்கம். வக்கீல் பேசும்போது வண்டி மெதுவாகும், பேச்சைக் கேட்கும்போது வேகமெடுக்கும். பக்கத்தில் இருந்த டீட்டருக்கு அந்தக் குலுக்கல் பிடிக்கல. இதிலிருந்துதான் யோசனை பிறந்தது என்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலையும் ரப்பரையும் மிச்சப்படுத்த, மணிக்கு சுமார் 56 கி.மீ. என்று வேகக் கட்டுப்பாடும் வந்தது.

1950-ல் காப்புரிமை கிடைத்தது. முதல் வடிவம், குறித்த வேகம் வந்ததும் ஆக்சிலேட்டரை எதிர்த்துத் தள்ளும், அவ்வளவுதான். பிறகுதான் வேகத்தைப் பிடித்து வைக்கும் வசதி வந்தது. பிரேக்கைத் தொட்டால் உடனே விட்டுவிடும். 1958-ல் கிரைஸ்லர் கார்களில் அறிமுகமானது. 'க்ரூஸ் கன்ட்ரோல்' என்ற பெயர் காடிலாக் வைத்தது. டீட்டர் 1982-ல் மறைந்தார்.

பட்டன் வேலை செய்யலையா? இதைப் பாருங்க

பிரேக்கைத் தொட்டால் விட்டுவிட வேண்டும் என்ற அந்த விதி இன்றைய கார்களிலும் இருக்கிறது. அதனால், க்ரூஸ் செட் ஆகவில்லை என்றால் ஸ்டீயரிங் பட்டன்தான் போச்சு என்று உடனே மாற்றிவிடாதீங்க.

• முதலில் வேகம்: பல கார்களில் சுமார் 40 கி.மீ.க்கு கீழே செட் ஆகாது.

• அடுத்து பிரேக் லைட்: மிதிக்காமலே எரிந்தாலும், மிதித்தும் எரியாவிட்டாலும் பெடல் ஸ்விட்ச், ஃபியூஸ், பல்பைப் பாருங்க. மேனுவல் கார் என்றால் கிளட்ச் ஸ்விட்சையும் பார்க்கணும்.

• ஹாரன், ஆடியோ பட்டன்களும் சேர்ந்து போய், ஏர்பேக் விளக்கும் எரிகிறதா? ஸ்டீயரிங்குக்கு உள்ளே இருக்கும் கிளாக் ஸ்பிரிங் காரணமாக இருக்கலாம். ஏர்பேக் இருப்பதால் வீட்டில் கழற்றாதீங்க.

• இது எல்லாம் சரியாக இருந்து, க்ரூஸ் பட்டன் மட்டும் வேலை செய்யலைன்னா, அப்போது ஸ்விட்ச் மீது சந்தேகப்படலாம். பட்டனை அழுத்தும்போது சிக்னல் வருகிறதா என்று மெக்கானிக் ஸ்கேனரில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

ஒரு எச்சரிக்கை: பிரேக் ஸ்விட்சை பைபாஸ் செய்து க்ரூஸை ஓட வைக்கவே கூடாது. பிரேக் மிதித்தாலும் க்ரூஸ் விடாமல் போகலாம். பின்னால் வரும் வண்டிக்கு பிரேக் லைட்டும் தெரியாமல் போகலாம்.

எங்கே பயன்படுத்தக் கூடாது?

மழையில் நனைந்த சாலை, ஊருக்குள் போகும் சாலை, சனிக்கிழமை திருநள்ளாறு கூட்டம், அறுவடை சமயத்தில் நெல் காயும் டெல்டா சாலைகள். இங்கெல்லாம் க்ரூஸை அணைத்துவிட்டு, காலை பிரேக் பக்கம் தயாராக வைத்து ஓட்டுவதே பாதுகாப்பு.