பந்தெறி வல்லார் வோல்டர் ஜோன்சன்

தமிழ்ப் பாடஞ் சொல்லுந் தொழிலையன்றிப் பிறிதொன்றும் அறியாத எனக்குப் பேஸ்போல் என்னும் விளையாட்டிலே பற்றுண்டாயிற்று என்றால் என் மாணாக்கர் நகைப்பர். 2025ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலே ரொறன்ரோ நகரில் என் தம்பி வீட்டிற் சில வாரம் தங்கியிருந்தேன். பன்னிரண்டு வயதினனாகிய தம்பி மகன் அருகிருந்து சொல்லித் தந்தமையால் அவ்விளையாட்டின் நெறி ஒருவாறு விளங்கிற்று; விளங்கியபின் அதனை விட மனம் வரவில்லை. கிரிக்கெட்டிற் போலவே இதிலும் ஒருவர் பந்தெறிய மற்றொருவர் அடிக்கின்றார். ஆயினும் பந்து நிலத்திற் பட்டு எழாது நேரே வருகின்றது. மட்டை உருண்ட தடியாயிருக்கின்றது. நான்கு தளங்களையுஞ் சுற்றி மீண்டாலன்றி ஓர் ஓட்டம் கணக்கில் ஏறாது. இரு திறத்தாரும் ஒன்பது இன்னிங்ஸ் ஆடுவர். சமநிலையாயின் மேலும் ஆடுவர். ஆறு மாதகாலம் ஏறக்குறைய நாடோறும் ஆடிப் பெற்ற புகழ் அனைத்தும் ஒக்டோபர் மாதத்துச் சில நாட்களிலே உரைகல்லில் இடப்படும். இறுதியில் வருவது உலகத் தொடர். ஏழு ஆட்டங்களுள் நான்கினை வென்றார்க்கே மகுடம்.

அவ்வாண்டு நவம்பர் 1ஆந் திகதி இரவு ஏழாம் ஆட்டம் ரொறன்ரோவிலேயே நிகழ்ந்தது. ஒன்பதாம் இன்னிங்ஸ் வரை முன்னின்ற ரொறன்ரோ அணி, பதினொராம் இன்னிங்ஸிலே 5க்கு 4 என ஓர் ஓட்டத்தால் லொஸ் ஏஞ்சல்ஸ் அணியிடந் தோற்றது. பிள்ளை உண்ணாது படுத்துக்கொண்டான். நன்றாக ஆடினவர் தோற்பது என்ன முறை, பெரியப்பா, என்று என்னை வினவினான். முப்பது ஆண்டுக்குமேல் இலக்கணமும் இலக்கியமுங் கற்பித்த எனக்கு அவனுக்குச் சொல்ல ஒரு விடை வரவில்லை. அவ்வினா எனக்குப் புதியதுமன்று. இராப்பகலாகக் கற்றும் பரீட்சையிலே தவறிய மாணாக்கர் பலர் என் முன் நின்று அதனைக் கண்களால் வினவியிருக்கின்றனர். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். இரண்டையும் ஒரே வகுப்பிற் பாடஞ் சொல்லும் ஆசிரியனுடைய இடர்ப்பாடு கேட்பார்க்கு எளிதிற் புலப்படாது.

அந்நாட்களிலே அந்நகரத்து நூலகமொன்றில் வோல்டர் ஜோன்சன் என்பாரின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. அதனை ஈண்டு என் சொற்களிற் சுருங்கக் கூறுவேன்.

ஜோன்சன் 1887ஆம் ஆண்டு நவம்பர் 6ஆந் திகதி அமெரிக்காவிலே கன்சஸ் மாநிலத்து ஹம்போல்ட் என்னும் ஊரை அடுத்த பண்ணையொன்றிற் பிறந்தார். உழவர் குடியினராகிய பெற்றோர் பின்னர் கலிபோர்னியாவின் எண்ணெய்க் கிணற்றுப் பகுதியிற் சென்று குடியேறினர். அங்கே வளர்ந்த இளைஞர் ஐடஹோ மாநிலத்து வைசர் என்னுஞ் சிற்றூரின் அணிக்குப் பந்தெறியப் போனார். எதிர்நின்றாரை அவர் மருட்டிய செய்தி தொலைவிலுள்ள தலைநகர்க்கும் எட்டவே, 1907ஆம் ஆண்டில் வாஷிங்டன் அணியினர் அவரை அழைத்துக்கொண்டனர். ஓகஸ்ட் 2ஆந் திகதி தம் பத்தொன்பதாம் வயதில் முதலாட்டம் ஆடினார். அவ்வாட்டத்தில் அவரணி 3க்கு 2 எனத் தோற்றது. பின்வரும் ஆண்டுகளுக்கு அது ஒரு முன்னறிகுறி போலும்.

அவர் கையைத் தலைக்குமேல் உயர்த்தாது பக்கவாட்டாக வீசி எறிவார். எறிதலிலே வருத்தமுங் காணப்படாது, ஆரவாரமுங் காணப்படாது. ஆயினும் பந்து வரும் விரைவைக் கண்டோர் அவருக்குப் பெரும் புகைவண்டி என்று பட்டப்பெயர் இட்டனர். புகைவண்டியினும் விரைவுடையதொன்றை மக்கள் பெரிதும் அறியாத காலம் அது. 1908ஆம் ஆண்டு செப்டெம்பரில் நான்கு நாளுக்குள் மூன்று முறை நியூயோர்க் அணிக்கு எதிராகப் பந்தெறிந்து, மூன்றிலும் ஓர் ஓட்டமேனும் கொடாது வென்றார். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லாதிருந்தமையே அந்நியூயோர்க் அணிக்குக் கிடைத்த ஓய்வு. 1913ஆம் ஆண்டில் 36 வெற்றி, 7 தோல்வி. இருபத்தொரு பருவமும் ஒரே அணிக்கு ஆடி 417 வெற்றி ஈட்டினார். அவற்றுள் எதிரணிக்கு ஓர் ஓட்டமுங் கொடாத ஆட்டங்கள் 110; அத்தொகையை இன்றுவரை எவரும் எட்டியதில்லை.

இத்துணை வல்லார் சேர்ந்திருந்த அணியோ நலிந்த அணி. 1909ஆம் ஆண்டில் அவ்வணி 110 ஆட்டங்களில் தோற்றது; ஜோன்சன் கணக்கில் மட்டும் 25 தோல்வி. தாம் ஓர் ஓட்டமே கொடுத்தும், தம்மணியார் ஓர் ஓட்டமும் எடாமையால் அவர் தோற்ற ஆட்டங்கள் வாழ்நாளில் 26. துணைவரது பிழையால் ஆட்டம் இழந்தபோதும் அவரைக் கடிந்துகொள்ளும் வழக்கம் ஜோன்சனிடம் இல்லை. தம் பந்து பட்டு ஒருவர் உயிர்க்கு ஊறு நேருமோ என்னும் அச்சம் அவருக்கு என்றும் உண்டு. டிற்றோயிற் அணியின் டை கொப் என்னும் அடிவல்லார் இம்மென்மையை அறிந்து, தளத்தை ஒட்டி நெருங்கி நிற்பார். ஜோன்சன் பந்தை விலக்கியே எறிவார் என்று துணிந்து ஓட்டங்களுங் குவிப்பார். இது தமக்கு இழப்பென்று தெரிந்தும் ஜோன்சன் தம் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை.

இவ்வாறு பதினேழு பருவங் கழிந்தன. உலகத் தொடரை அவர் ஆடிக் கண்டதில்லை. 1924ஆம் ஆண்டு அவருக்கு முப்பத்தாறு வயது. பந்தெறிவார்க்கு அது முதுமை. அவ்வாண்டில் இருபத்தேழு வயதே நிரம்பிய பக்கி ஹரிஸ் என்பார் தலைமையில் வாஷிங்டன் அணி எழுச்சி கொண்டது. ஜோன்சன் 23 வெற்றி பெற்று அணியை உலகத் தொடருக்கு உய்த்தார். எதிரணி நியூயோர்க் ஜயன்ற்ஸ். நாடெங்கும் மக்கள் அவருக்காகவே வாஷிங்டன் வெல்லவேண்டுமென்று விரும்பினர்.

நிகழ்ந்ததோ வேறு. முதலாட்டத்திற் பன்னிரண்டு இன்னிங்ஸ் எறிந்து 4க்கு 3 எனத் தோற்றார். ஐந்தாம் ஆட்டத்தில் 6க்கு 2 எனத் தோற்றார். பதினெட்டு ஆண்டு காத்திருந்து பெற்ற வாய்ப்பு இரண்டு தோல்வியோடு முடிந்தது என்றே பலரும் வருந்தினர். ஆயின் அணி தளராது தொடரைச் சமப்படுத்திற்று. ஒக்டோபர் 10ஆந் திகதி ஏழாம் ஆட்டம் வாஷிங்டனில் நடைபெற்றது. ஜனாதிபதி கூலிட்ஜும் வந்திருந்தார். எட்டாம் இன்னிங்ஸ் முடிவில் ஆட்டம் 3க்கு 3 எனச் சமமாகியது. ஒன்பதாம் இன்னிங்ஸுக்கு ஹரிஸ் ஜோன்சனை அழைத்தார்.

வந்தவுடனேயே எதிரணியின் பிரங்கி பிரிஷ் மூன்றாந் தளம்வரை ஓடும்படி அடித்துவிட்டார். இன்னும் ஓரடி பிறந்தால் எல்லாம் முடியும். ஜோன்சன் அசையாது நின்று எஞ்சினாரை வீழ்த்தினார். அவ்வாறே பன்னிரண்டாம் இன்னிங்ஸ் வரை நான்கு இன்னிங்ஸிலும் ஓர் ஓட்டமுங் கொடுத்தாரல்லர். பின் வாஷிங்டன் ஆடும் முறை. மடி ருவெல் அடித்த பந்து வானோக்கி எழுந்தது. அதனைப் பிடிக்க ஓடிய ஹங்க் கவுடி தாம் கழற்றி எறிந்த முகக்கவசத்திலேயே கால் தடுக்கிப் பந்தை நழுவவிட்டார். உயிர்த்த ருவெல் மறுபடி அடித்து இரண்டாந் தளம் சேர்ந்தார். ஜோன்சனும் அடித்து, எதிரணியார் பிழையால் முதற்றளம் புகுந்தார். அடுத்து மக்னீலி நிலத்தோடு உருட்டிய பந்து, கூழாங்கல் ஒன்றிற் பட்டது போலும், திடீரென உயர்ந்து, பதினெட்டு வயதினராகிய லின்ட்ஸ்றொம்மின் தலைக்குமேற் போயிற்று. ருவெல் ஓடி வந்து சேர்ந்தார். 4க்கு 3. வாஷிங்டன் வென்றது, வென்ற பந்தெறிவார் ஜோன்சன். அந்நகரம் அத்தகைய மகுடத்தை மறுமுறை காண 2019ஆம் ஆண்டு வரை காத்திருந்தது.

கதை இவ்விடத்து முடிந்திருப்பின் நீதிநூற் கதையாகும். ஆயின் 1925ஆம் ஆண்டிலும் அவ்வணி உலகத் தொடருக்கு வந்தது, எதிரணி பிற்ஸ்பேர்க். ஜோன்சன் முதலாட்டத்தையும் நான்காம் ஆட்டத்தையும் வென்றார். ஒக்டோபர் 15ஆந் திகதி ஏழாம் ஆட்டம். ஓயாத மழை, களம் சேறாயிற்று, மூடுபனியாற் பந்தே தெளிவாகத் தோன்றவில்லை. ஜோன்சன் காலிலோ முன்னை ஆட்டத்தில் உண்டான நோவு. முதலிலேயே நான்கு ஓட்டம் முன்னின்ற வாஷிங்டன் அதனைக் காத்துக்கொள்ள இயலவில்லை. அவ்வாண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெக்கின்போவே முக்கிய வேளைகளிற் பிழை செய்தார். ஜோன்சன் எட்டு இன்னிங்ஸும் நின்று எறிந்தார். 9க்கு 7 எனப் பிற்ஸ்பேர்க் வென்றது. தளர்ந்தவரை அன்பினால் நீக்காது விட்டார் என்று ஹரிஸ் மீது பழி எழுந்தது.

இவ்விரண்டு நாளையும் அருகருகே வைத்து நோக்கினேன். ஓராண்டு ஒரு கூழாங்கல் அவரை வெற்றியாளராக்கியது. மறு ஆண்டு சேறு அவரைத் தோற்றவராக்கியது. கல்லும் அவர் இட்டதன்று. மழையும் அவர் அழைத்ததன்று. அவருடையனவாக இருந்தவை, கல் வந்து உதவும்வரை ஓர் ஓட்டமுங் கொடாது காத்த நான்கு இன்னிங்ஸும், சேற்றிலும் நீங்காது நின்ற எட்டு இன்னிங்ஸுமே. ஊழ் முடிவைத் தரும். அம்முடிவு வரும்வரை களத்தில் நிற்பது ஆள்வினை. இத்துணையே எனக்கு விளங்கிற்று.

1927ஆம் ஆண்டோடு அவர் ஆட்டத்தை விட்டார். 1930ஆம் ஆண்டில் மனைவியை இழந்து, தாயற்ற பிள்ளைகளை வளர்த்தார். சில காலம் அணிகளுக்குப் பொறுப்பாளராயும், பின்னர் மேரிலாந்துப் பண்ணையில் உழவராயும் வாழ்ந்தார். 1936ஆம் ஆண்டில் புகழ் மண்டபத்துக்கு முதன்முதற் தெரிவான ஐவருள் அவரும் ஒருவர். 1946ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் திகதி மூளையிற் கட்டி நோயால் இறந்தார்.

இவையெல்லாவற்றையும் தம்பி மகனுக்குக் கூறினேன். சேற்றிலே தோற்றபின் அவர் என்ன செய்தார் என்று மட்டும் கேட்டான். 1926ஆம் ஆண்டு ஏப்ரலில், பருவத்தின் முதல் நாளிலே, முப்பத்தெட்டு வயதில், பிலடெல்பியா அணிக்கு எதிராகப் பதினைந்து இன்னிங்ஸ் எறிந்து, ஓர் ஓட்டமுங் கொடாது, 1க்கு 0 என வென்றார் என்றேன். அவன் சற்றே யோசித்தான். பின் எழுந்து சோறு கேட்டான்.