நிலத்தை ஊர் பேருக்கு எழுதச் சொன்ன வினோபா: கிராமதானம் ஏன் பரவவில்லை?

உடன்குடி பக்கம் பனை ஒருத்தர் பேரில் இருக்கும். ஏறி பதநீர் இறக்குபவர் வேறொருத்தராக இருப்பார். குத்தகை போகத்தான் கருப்பட்டிக் காசு கையில் நிற்கும். நிலம் ஒருத்தருக்கு, உழைப்பு இன்னொருத்தருக்கு என்ற இந்தக் கணக்கை மாற்ற நாடு முழுக்க நடந்தவர் வினோபா பாவே.

யார் இவர்?

1895 செப்டம்பர் 11-ல் மகாராஷ்டிராவின் ககோதே கிராமத்தில் பிறந்தார். மும்பைக்குத் தேர்வு எழுதக் கிளம்பியவர், வழியிலேயே ரயில் மாறி காசிக்குப் போய்விட்டார். 1916-ல் காந்தியிடம் சேர்ந்தார். 1940 தனிநபர் சத்தியாகிரகத்துக்கு காந்தி முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது இவரைத்தான்.

நடை எங்கே தொடங்கியது?

1951 ஏப்ரல் 18, தெலங்கானாவின் போச்சம்பள்ளி. நிலமில்லாத தலித் குடும்பங்கள் 80 ஏக்கர் கேட்டன. ராமச்சந்திர ரெட்டி என்பவர் 100 ஏக்கர் தர முன்வந்தார். பூதானம் பிறந்தது. 1956-57-ல் தமிழ்நாட்டிலும் வினோபா நடந்தார். 1958-ல் இங்கே பூதான சட்டமும் வந்தது.

கிராமதானம்னா என்ன?

பூதானத்தில் நிலம் தனி ஆளுக்குப் போகும். கிராமதானத்தில் பட்டா ஊர்சபைக்கு. உழுபவர் தொடர்ந்து உழலாம், பிள்ளைகளுக்கும் விடலாம். வெளியாளுக்கு விற்க முடியாது. 1952-ல் உத்தரப்பிரதேசத்தின் மங்ரோத் முதல் கிராமதானம் ஆனது. இந்த யோசனைதான் 1969-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கறுப்பின விவசாயிகள் தொடங்கிய 'நியூ கம்யூனிட்டீஸ்' சமூக நில அறக்கட்டளைக்கும் தூண்டுதல்.

பிறகு ஏன் நின்றுபோச்சு?

முதல் தடை, பேச்சுக்கும் பத்திரத்துக்கும் உள்ள தூரம். 40 லட்சம் ஏக்கருக்கு மேல் தருவதாக வாக்கு வந்தது. அதில் நிறைய தரிசு, வழக்கில் கிடந்த நிலம், கடைசிவரை கைமாறாத நிலம்.

இரண்டாவது, சம்மதம். நிபந்தனையைத் தளர்த்திய பிறகும் நில உரிமையாளர்களில் 75 சதவீதம் பேர் கையெழுத்து போடணும்.

மூன்றாவது, கடன். விற்க முடியாத நிலத்தை அடமானம் வைப்பது கஷ்டம். விதைக்கும் உரத்துக்கும் காசு எங்கே? ஜார்ஜியாவிலும் இதே கதை. வறட்சியில் அவசரக் கடன் நேரத்துக்குக் கிடைக்காமல், 1985-ல் நிலமே கைவிட்டுப் போனது.

வினோபா 1982 நவம்பர் 15-ல், உணவும் மருந்தும் மறுத்து பவுனாரில் இறந்தார். அடுத்த ஆண்டு பாரத ரத்னா வந்தது. நிலத்தைக் கொடுக்க மனசு இருந்தால் போதும் என்று நம்பினார் அவர். கொடுத்த நிலம் ஊர் கையில் நிலைக்க பதிவும் கடனும் கூடவே வரணும் என்பதுதான் அவர் நடையின் மிச்சப் பாடம்.