முதல் பாட்டைத் தமிழில் தந்தவர்

பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிவைக்க நினைக்கும் அரியலூர், பெரம்பலூர்த் தாய்மார்கள் முதலில் யோசிப்பது இதுதான்: எந்தப் புத்தகம் வாங்குவது?

கொள்ளிடத்துக்குத் தெற்கே, தஞ்சாவூரில், நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பற்றிக் கவலைப்பட்டவர் ஆபிரகாம் பண்டிதர்.

1859-ல் தென்காசிச் சீமையில், சாம்பவர்வடகரையில் பிறந்தார். முதலில் பள்ளி ஆசிரியர். பிறகு சித்த வைத்தியர். வைத்தியத்தில் பெரும் பொருள் சேர்ந்தது. அதை இசைக்கே செலவிட்டார்.

சரளி வரிசையும் அலங்காரமும் முடிந்தால் அடுத்தது கீதம். அக்காலத்தில் கீதங்கள் பெரும்பாலும் வடமொழியிலும் கன்னடத்திலும் இருந்தன. வர்ணங்கள் தெலுங்கில் இருந்தன. தமிழ்ப் பிள்ளைகள் பொருள் தெரியாமல் கிளிப்பிள்ளை போல ஒப்பித்தார்கள். வாத்தியாராக இருந்தவர் மனம் பொறுக்குமா? தாமே தமிழில் கீதங்களும் வர்ணங்களும் கீர்த்தனைகளும் இயற்றினார். 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என்று புத்தகமாக்கினார்.

1912-ல் தஞ்சையில் இசைச் சங்கம் கண்டார். 1916-ல் பரோடா மாநாட்டில் சுருதி ஆராய்ச்சியை எடுத்துரைத்தார். 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூல் வெளிவந்தது. 1919-ல் மறைந்தார்.

ஊரே வியந்தது பெருநூலைத்தான். ஆனால், சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு உதவியது அந்தச் சிறிய திரட்டு.

தாய்மார்களே! புத்தகத்தின் அட்டையைப் பார்க்காதீர்கள். முதல் பாட்டின் பொருள் பிள்ளைக்கு விளங்குமா என்று பாருங்கள்.