கடிதத்தால் முறிந்த நட்பு இசையால் ஒட்டியது! வயலின் மேதை ஜோவாகிம் கதை

லண்டனில் 1844-ம் ஆண்டு மே மாதம் 27-ந் தேதி ஒரு கச்சேரி. மேடை ஏறியவன் ஒரு பொடியன். 13 வயது நிறைய இன்னும் ஒரு மாதம் பாக்கி.

அவன் வாசிக்க எடுத்துக் கொண்டதோ பீத்தோவனின் வயலின் கன்செர்ட்டோ. பெரிய வித்வான்களே அதைத் தொடத் தயங்கிய காலம் அது. வாத்தியக் குழுவை நடத்தியவர் மெண்டல்சன்.

சின்னப் பிள்ளைகளை மேடை ஏற்றுவது இல்லை என்பது கச்சேரி நடத்திய சங்கத்தின் விதி. இவனுக்காக அதைத் தளர்த்தினார்கள். ஒரே கைதட்டல்! விமர்சகர்களும் புகழ்ந்து தள்ளினார்கள்.

அந்தப் பையன்தான் ஜோசப் ஜோவாகிம்.

கம்பளி வியாபாரி மகன்

1831-ல் ஹங்கேரியின் கிட்சே ஊரில் பிறந்தவர். (இப்போது அந்த ஊர் ஆஸ்திரியாவில் உள்ளது.) யூதக் குடும்பம். அப்பா கம்பளி வியாபாரி.

பக்க வாத்தியமே இல்லாமல், ஒற்றை வயலினில் பாக் இசையை வாசித்து சபையைக் கட்டிப் போடுவார். 1869-ல் பெர்லினில் நால்வர் குழு தொடங்கினார். 2 வயலின், 1 வயோலா, 1 செல்லோ. புரியாத புதிர் என்று பலர் ஒதுக்கிய பீத்தோவனின் கடைசிக் கால இசையை இந்தக் குழு ரசிகர்களுக்குப் பழக்கியது.

வேகம் காட்டி கைதட்டல் வாங்க மாட்டார். இயற்றியவர் மனதில் இருந்ததை அப்படியே கொண்டு வருவார். விமர்சகர்கள் கொண்டாடியது இதைத்தான்.

கோர்ட்டில் கடிதம்

அவரது உயிர் நண்பர் பிராம்ஸ். 1853-ல் பழக்கம். பிராம்ஸ் தனது வயலின் கன்செர்ட்டோவை இவருக்காகவே எழுதினார். 1879 ஜனவரி 1-ந் தேதி லீப்சிக் நகரில் அரங்கேற்றியவரும் இவரே.

பிறகு வந்தது வினை. பாடகியான மனைவி அமலி மீது ஜோவாகிமுக்கு சந்தேகம். ஒரு இசைப் பதிப்பாளரோடு சேர்த்துப் பேசினார். அமலி குற்றமற்றவர் என்று பிராம்ஸ் அவருக்கே கடிதம் எழுதினார். விவாகரத்து வழக்கில் அமலி அந்தக் கடிதத்தைக் கோர்ட்டில் கொடுத்து விட்டார்!

நட்பு முறிந்தது. 1884-ல் விவாகரத்தும் ஆனது.

ஆனாலும் ஒன்று. கோபம் மனிதர் மீதுதான். பிராம்ஸ் இசையை வாசிப்பதை ஜோவாகிம் நிறுத்தவில்லை.

சமரசம்

1887-ல் பிராம்ஸ் இறங்கி வந்தார். வயலினும் செல்லோவும் சேர்ந்து வாசிக்கும் கன்செர்ட்டோ ஒன்றை எழுதினார். அந்த ஆண்டு அக்டோபரில் கொலோன் நகரில் ஜோவாகிம் வயலின் வாசிக்க, பிராம்ஸே குழுவை நடத்தினார். மீண்டும் பேச்சு தொடங்கியது.

பிராம்ஸ் 1897-ல் காலமானார். ஜோவாகிம் 1907 ஆகஸ்டு 15-ந் தேதி பெர்லினில் மறைந்தார். வயது 76.

1903-ல் அவர் வாசித்த சில கிராமபோன் பதிவுகள் இன்றும் உள்ளன. அதில் பாக் இருக்கிறது. சண்டை போட்டுச் சேர்ந்த பிராம்ஸின் இசையும் இருக்கிறது.