ரி.பி. ஜாயா: பேரம் பேசாத இலங்கையர்

மர்ஹூம் ரி.பி. ஜாயா 1890 இல் கலகெதரையில் மலாய்க் குடும்பமொன்றில் பிறந்தார். 1921 முதல் 1948 வரை கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராக இருந்தார். 1924 இல் முஸ்லிம் பிரதிநிதியாகச் சட்டசபைக்குத் தெரிவாகி, சமூகத்தின் தனிப் பிரதிநிதித்துவத்துக்காகவும் வாதாடினார்.

ஆனால் 1945 இல் டொமினியன் அந்தஸ்துக் கோரிக்கை வந்தபோது, சமூகத்துக்கென எந்த நிபந்தனையும் வைக்காமல் நாட்டின் விடுதலையை ஆதரித்தார். 1947 இல் தொழில் அமைச்சரானார்.

அவர் அங்கம் வகித்த அரசாங்கம்தான் 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அது தந்தைவழி வம்சத்துக்கு ஆதாரம் கேட்டது. இலட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றவர்களாயினர். நமது திருகோணமலைத் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையிடமிருந்து 1957 இல்தான் மீண்டது. அதற்கு முன்பே, யார் நம்மவர் என்று நாடு கோடு கீறிவிட்டது.

ஜாயாவின் முன்னோரும் கடல் கடந்து வந்தவர்களே. அவரை நாடு தன் மகனாக ஏற்றது; தோட்டத்தில் உழைத்தவரிடம் பத்திரம் கேட்டது. தேசப்பற்று உள்ளத்தில் இருந்தாலும், பிரஜாவுரிமையைச் சட்டம் ஒரே நாளில் பறித்துவிடலாம்.

1960 இல் மதீனாவில் வஃபாத்தான அந்தப் பெருமகனைப் பற்றி மாணவருக்குச் சொல்லும்போது, இந்த முரணையும் மறைக்காமல் சொல்வோம்.